புதுப்பிப்பு: தகர ரயில் பெட்டியின் முறிந்த கொக்கி சரியாகிவிட்டது

தாத்தா காலத்து ஹார்ன்பி நிறுவனத்தின் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை ரயிலில் (ஓ கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 32 மி.மீ.) சரக்குப் பெட்டியின் இணைப்புக் கொக்கி அடியோடு முறிந்ததற்கு வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சூப்பர் க்ளூ நிற்கவில்லை. எஞ்சின் இழுத்ததும் பிரிந்தது. மெல்லிய தகட்டின் விளிம்பில் பசை பிடிக்க இடம் ஏது? பலன் தந்தது பாலக்காட்டு நண்பர் சொன்ன ஈயப் பற்றவைப்புதான். இந்தத் தகரம் வெள்ளீயம் பூசிய இரும்பு என்பதால் ஈயம் எளிதில் ஒட்டுகிறது. பசையையும் வண்ணத்தையும் சுரண்டிவிட்டு, முறிவின் பின்புறம் பிஸ்கட் டின்னில் வெட்டிய சிறு பட்டையை வைத்து, செங்கோட்டையில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மற்ற இடத்தில் வண்ணம் கருகாமலிருக்க ஈரத்துணி சுற்றியது அவர் யோசனை. ஈயம் ஒட்டுவதற்காகத் தடவச் சிலர் சொன்ன ஆசிட் வேண்டாம், மிச்சமிருந்தால் துருப்பிடிக்கும். அதற்கு ரேடியோக்காரர்கள் பயன்படுத்தும் ரோசின் என்ற மரப்பிசினே போதும்.

எதிர்பாராத ஒன்று: பட்டையின் தடிமனால் கொக்கி அடுத்த பெட்டியின் துளையில் நுழையவில்லை. அரத்தால் ராவி மெலிதாக்கிய பிறகு நுழைந்தது. பற்றவைத்த இடம் பளபளவென்று தெரிகிறது. வண்ணம் பூசி மறைக்கும் எண்ணமில்லை.