அகஸ்தியர்கூடம் ஏற முடியுமா, முழங்கால் தாங்குமா?

களியக்காவிளைக்காரன்:
ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரு ஜனவரில கேரளா-தமிழ்நாடு எல்லைல இருக்க அகஸ்தியர்கூடம் மலைக்கு போலாம்னு ஒத்தக்கால்ல நிக்கானுவ, எனக்கு வயசு 44, ஒரு முழங்கால் அப்பப்போ மக்கர் பண்ணும். 1868 மீட்டர்னு போட்டிருக்கு. கடைசில கயிறு புடிச்சு பாறைல ஏறணும்னு சொல்லுதாவ, நெசமா?

மலைக்கிறுக்கன்:
நெசந்தான் அண்ணே. போணக்காடுல இருந்து மொத நாள் அதிருமலை கேம்ப் வரைக்கும் நடை, நீளம்தான் ஆனா காட்டு நெழல், ஓடை தண்ணி எல்லாம் இருக்கும். ரெண்டாம் நாள்தான் வெளையாட்டே. பொங்காலப்பாறை தாண்டினதும் மொட்டப் பாறை, கயிறு கட்டிருப்பாங்க, காத்து அடிச்சா ஆளையே தள்ளும், மழை பேஞ்சு பாசி நனைஞ்சிருந்துச்சுனா நம்ம வீராப்பெல்லாம் அங்கயே காலி. ஏறுறத விட எறங்குறதுதான் முழங்காலுக்கு எமன். ஒரு கம்பு வச்சுக்கோங்க.

செங்கோட்டை அக்கா:
2018 கடைசில ஹைகோர்ட் சொன்னப்புறம் 2019ல இருந்துதான் பொம்பளைங்களையும் விடுறாங்க, நான் அதுக்கப்புறம் போனவ. கேரளா வனத்துறை ஆன்லைன் பாஸ் பொசுக்குனு தீந்துரும், ரெடியா இருங்க. கூட வர்ற காணிக்காரங்க, அந்த மலைப் பழங்குடி ஆளுங்க, பேச்ச கேளுங்க தம்பி, ஆரோக்கியப்பச்சைங்கற மூலிகைய வெளியுலகத்துக்கு காட்டுனதே அவங்கதான். அட்டைப்பூச்சிக்கு உப்பு மறந்துராதீங்க.

களியக்காவிளைக்காரன்:
சரிக்கா, அதிருமலை வரைக்கும் போய்ட்டு காலு என்ன சொல்லுதுன்னு பாக்கேன். அவனுவ மேல போவட்டும், நான் கஞ்சி குடிச்சிட்டு கெடக்கேன்.