மலை ரயில் படத்தில் புகை கூட்டலாமா?

லென்ஸ்கோவை:
இந்த மாதப் படப் போட்டிக்கு ‘நமக்குப் பிடித்த இயந்திரம்’ என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். நான் போட்டது ஊட்டி ரயில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி பவானிப் பாலத்தைத் தாண்டும்போது கரையிலிருந்து எடுத்தேன். செய்த திருத்தங்களை மறைக்கவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே போன மின்கம்பிகளை அழித்தேன், மெலிசாக இருந்த புகையைக் கூட்டினேன், வண்டி ஓடியதால் கலங்கிய இடங்களை ஏஐ மென்பொருளில் கொடுத்துத் தெளிவாக்கினேன். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. சிலர் மட்டும் ‘பொய்ப் படம், தூக்கு’ என்கிறார்கள். இது என் பொழுதுபோக்கு, பத்திரிகைச் செய்தி இல்லை. அழகுக்காகக் கை வைத்தால் என்ன தப்பு?

மீட்டர்கேஜ்:
தூக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கம்பியை விடுங்கள், எஞ்சினைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வண்டியைத் தள்ளும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் இருக்கும். கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்துக்கு. அந்தப் பல் தண்டவாளமே கல்லாறு நிலையம் தாண்டித்தான் தொடங்குகிறது. பவானிப் பாலத்தில் மேல் சிலிண்டருக்கு வேலையே கிடையாது. ஆக, அசல் படத்தில் கீழ் ராடு (சிலிண்டரின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு) கலங்கியும் மேல் ராடு அசையாமல் பளிச்சென்றும் இருந்திருக்கும். அதுதான் அந்த இடத்தின் அடையாளம். உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே மாதிரி தீட்டி, மேல் ராடை ஒரு பக்கமாகச் சாய்த்தும் வைத்திருக்கிறது. அப்படி ஒரு எஞ்சின் உலகத்தில் ஓடியதே இல்லை. எஞ்சின் எண்ணும் போச்சு. 373 என்று தொடங்க வேண்டியது 878 மாதிரி தெரிகிறது.

ஸ்டுடியோக்காரன்:
மீட்டர்கேஜ் சார், ராடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து ரசிப்பவர்கள் இந்தியா முழுவதும் தேடினால் ஒரு வேன் நிறைய வருவார்கள். மற்றவர்கள் பார்ப்பது காலை வெயில், பாலம், நீல எஞ்சின். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்துப் பருவை அழிக்காத ஸ்டுடியோ உண்டா? அதற்காகக் கல்யாணம் பொய்யாகிவிடுமா?

இன்னொன்று. ரயில் படம் எடுப்பவர்கள் எல்லோரும் கும்பிடுகிற வின்ஸ்டன் லிங்க் என்ன செய்தார்? 1950-களின் பின்பாதியில் அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை ராத்திரியில் எடுத்தார். வரிசையாக ஃபிளாஷ் பல்புகளைக் கட்டி, ஆட்களை இன்ன இடத்தில் நில், உட்கார் என்று சொல்லி எடுத்த படங்கள். 1956-இல் எடுத்த அவருடைய புகழ்பெற்ற படத்தில் திறந்தவெளித் திரையரங்கு, கார்களில் ஜனம், பின்னால் ரயில், திரையில் ஒரு ஜெட் விமானம். அத்தனை ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போனது. விமானத்தைப் பிறகு இருட்டறையில்தான் சேர்த்தார். அதை யாராவது தூக்கச் சொன்னார்களா?

மீட்டர்கேஜ்:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் உதவும். லிங்க் ஒட்டியது சினிமாத் திரையில். எஞ்சினைத் தொடவில்லை. அந்தப் படத்தை வைத்து எஞ்சினின் ஒவ்வொரு குழாயையும் இன்றைக்கும் எண்ணலாம். ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்தார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பல்பு வைத்து வெளிச்சம் கூட்டுவதும், இல்லாத இரும்பை முளைக்க வைப்பதும் ஒன்றா?

பழையஷெட்:
ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி லென்ஸ்கோவை, படம் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கூட்டிய புகை எனக்கு உறுத்துகிறது. இந்த வண்டியில் எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் இருந்து தள்ளும். மேலே போகிற வண்டிக்கு எஞ்சின் வால் பக்கம். உங்கள் படத்தில் புகை பெட்டிகளுக்கு மேலே முன்னோக்கிப் படுத்திருக்கிறது. எஞ்சின் முன்னால் இருக்கிற வண்டியின் புகையை எங்கிருந்தோ எடுத்து அந்த மென்பொருள் பூசிவிட்டது.

அப்புறம், சமவெளியின் சூட்டில், ஏற்றமில்லாத இடத்தில், எண்ணெய் எரிக்கும் எஞ்சின் நன்றாக எரிந்தால் அவ்வளவு புகை வரவே கூடாது. கரும்புகை தள்ளினால் எண்ணெய்க்கும் காற்றுக்கும் அளவு சரியில்லை என்று அர்த்தம். ஷெட்டில் திட்டு விழும். நீங்கள் அதை அழகு என்று கூட்டியிருக்கிறீர்கள்.

லென்ஸ்கோவை:
ஐயா, பின்காற்று அடித்தால் புகை முன்னால் போகாதா?

பழையஷெட்:
போகும். ஆனால் உங்கள் படத்தில் கரையோர நாணல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதே. அதையும் திருப்பிவிடுங்கள்.

அட்டைரயில்:
நான் மாதிரி ரயில் செய்பவன். எக்ஸ் வகையை அட்டையிலும் பித்தளையிலும் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பழைய படங்கள்தான் வரைபடம். இந்த எஞ்சின்களை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தார்கள், முதல் தொகுதி 1914-இல் வந்தது. பல வருடம் நிலக்கரியில் ஓடி, 2000-க்குப் பிறகு சில எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் புதிதாகவும் செய்தார்கள். எந்த எஞ்சினில் எந்த வருடம் எண்ணெய்த் தொட்டி வந்தது, குழாய் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் யாரோ பொழுதுபோக்குக்கு எடுத்துப் போட்ட படங்களிலிருந்துதான் எனக்குத் தெரியும். எடுத்தவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படம், அவ்வளவுதான். இப்படித் திருத்திய படங்கள் கலந்துவிட்டால் எதை நம்பிப் பித்தளையில் துளை போடுவது? போன மாதம் ஒரு குழாயை நம்பி வளைத்தேன். பிறகு பார்த்தால் அது தெளிவாக்கும் மென்பொருள் போட்ட கோடு.

ஸ்டுடியோக்காரன்:
அட்டைரயில், உங்களுக்கு வரைபடம் வேண்டும் என்பதற்காக ஊரில் யாரும் அழகாகப் படம் போடக் கூடாதா? கேட்டு வாங்குங்கள். இங்கே ‘ஆவணப் போட்டி’ என்று யாரும் சொல்லவில்லை.

குன்னூர்க்காரி:
எல்லோரும் எஞ்சினையே சுற்றி வருகிறீர்கள். முதல் பெட்டியைப் பார்த்தீர்களா? இந்த வண்டியில் ஓட்டுநர் பின்னால் இருப்பார், அவருக்கு முன்பாதை தெரியாது. அதனால் பெட்டிக்குப் பெட்டி முன்மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அது பெட்டி பெட்டியாகப் பின்னால் போகும். ஏதாவது ஆனால் ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கையும் இவர்கள்தான் பிடிக்க வேண்டும். வெயில் மழை எதுவானாலும் அந்த மேடையில்தான் நிற்பார்கள். எங்கள் வீடு பாதையோரம்தான், சின்ன வயதிலிருந்து அவர்களுக்குக் கை காட்டி வளர்ந்தவள் நான்.

லென்ஸ்கோவை அண்ணா, உங்கள் படத்தில் முதல் பெட்டிக்காரருக்கு முழங்கைக்குக் கீழே கை இல்லை. கொடி சுவரோடு கரைந்து சிவப்புத் திட்டாக இருக்கிறது. முகம் மழமழவென்று இருக்கிறது. இரண்டாம் பெட்டியில் ஆளையே காணோம், அங்கே ஒரு கதவு முளைத்திருக்கிறது. கம்பியை அழித்ததைச் சொன்னீர்கள். இவரை அழித்ததை நீங்களே பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஒரு சங்கதியையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்படி அடர்ந்த புகையோடு படம் பரவினால், அதே மாதிரி வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கி நிற்கும் கூட்டம் அதிகமாகிறது. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. கரையில் நின்று எடுத்ததற்கு உங்களுக்கு நன்றி. எல்லோரும் கரையில் நிற்பதில்லை.

ஸ்டுடியோக்காரன்:
அக்கா, தண்டவாளத்தில் நிற்பவனுக்கும் இந்தப் படத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். புகையே இல்லாத டீசல் வண்டிக்கு முன்னாலும் செல்ஃபி எடுக்கிறான். ஆனால் பிரேக்ஸ்மேன் விஷயம் சரிதான், பெரிதாக்கிப் பார்த்தேன். அது திருத்தம் இல்லை, கெடுத்தல். நானாக இருந்தால் ஆட்களை மறைத்துவிட்டு மற்ற இடத்தை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்திருப்பேன்.

லென்ஸ்கோவை:
அசல் கோப்பைக் கீழே ஏற்றியிருக்கிறேன். கம்பி, மெலிந்த புகை, கலங்கல் எல்லாம் அப்படியே. ஷட்டர் வேகம் 1/60 விநாடி. திருத்திய படத்தை எடுக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தாகிவிட்டது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். என் கட்சி மாறவில்லை. படம் என்னுடையது, எனக்குப் பிடித்த மாதிரி செய்ய உரிமை உண்டு. ஆனால் குன்னூர்க்காரி சொன்னபடி அந்த இரண்டு பேர் மட்டும் அசலிலிருந்து அப்படியே வரும்படி மறுபடி செய்கிறேன்.

அட்டைரயில்:
அசலின் முழு அளவு கிடைக்குமா? எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்து ஏணி இதில் நன்றாகத் தெரிகிறது.

பழையஷெட்:
அசலைப் பார்த்தேன். கீழ் சிலிண்டரின் முன்பக்கம் சின்னதாக வெள்ளையாக ஒழுகுகிறது பாருங்கள், நீராவி கசியாமல் அடைக்கும் பேக்கிங் தேய்ந்திருக்கிறது. திருத்திய படத்தில் அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது உங்கள் மென்பொருள். மேல் ராடு சும்மா நிற்கிறது. மீட்டர்கேஜ் சொன்னது சரி. எனக்கு இந்தப் படம் போதும், ஒரு நாழிகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெறியாளர்:
போட்டி விதியில் திருத்தத்துக்குத் தடை இல்லை, எனவே படம் நீடிக்கும். அடுத்த மாதம் முதல் மென்பொருள் புதிதாக வரைந்த பகுதி இருந்தால் படத்தின் கீழே அதைக் குறிப்பிட வேண்டும். கம்பி அழிப்பது, வெளிச்சம் கூட்டுவதற்கெல்லாம் இது பொருந்தாது.

மீட்டர்கேஜ்:
கம்பி அழித்த இடத்திலும் வானத்தை மென்பொருள்தானே வரைகிறது?

நெறியாளர்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் சார்.

ஸ்டுடியோக்காரன்:
என்ன பேசினாலும் எனக்குப் புகைப் படம்தான் பிடித்திருக்கிறது. பிரேக்ஸ்மேன் கை சரியானதும் அனுப்புங்கள் தம்பி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டுகிறேன்.

மீட்டர்கேஜ்:
தாராளமாக மாட்டுங்கள். கீழே எஞ்சின் எண்ணும் தேதியும் மட்டும் எழுதாதீர்கள்.