புதுப்பிப்பு: 20 லேண்டு சிவப்பு டெக்

மேஜிக் (Magic: The Gathering) என்ற அட்டை விளையாட்டுக்கான என் டெக் (அட்டைக் கட்டு), தொடக்கத்தில் எடுக்கும் முதல் கையிலேயே லேண்டு (மற்ற அட்டைகளை ஆடச் சக்தி தரும் அட்டை) போதாமல் சிக்கிக்கொள்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

போட்டேன். 60 அட்டையில் 20 லேண்டு என்றால், முதல் 7 அட்டையில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வர ஏறக்குறைய 25 சதவீத வாய்ப்பு! 24 ஆக்கினால் 14தான். இவ்வளவு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சரி என்று நான்கு மவுண்டன் (சிவப்பு டெக்குக்கான லேண்டு) சேர்த்தேன். அதற்காக வெளியே போனவற்றில் ஆசையாக வைத்திருந்த டிராகன்கள் இரண்டும் உண்டு, மனசே வரவில்லை. எதிராளியைத் தாக்கும் லைட்னிங் போல்ட் அட்டைகள் நான்கும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் தனியாக உட்கார்ந்து 50 முறை கலைத்து, ஒவ்வொரு கையையும் நோட்டில் குறித்தேன். 8 முறைதான் மாட்டியது. சைட்போர்டை (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைக்கும் கூடுதல் அட்டைகள்) இன்னும் தொடவில்லை. அதற்கு முன் தம்பியின் நீல டெக்கோடு பத்து ஆட்டம் ஆட வேண்டும்.