மாணவர்கள் போய்விடுவார்கள், பட்டறையில் நிற்பது நாம்: தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் அனுபவங்கள்

லேத் பிரிவு ஆசிரியர்:
எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவருக்கு, ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பே, மாணவர்கள் கேட்கும் கேள்வி காதில் விழாது. வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். வயதுக் கோளாறு என்றே பலரும் பேசினார்கள். காது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு வழக்கமாக வரும் பாதிப்பு அது. ஆனால் பணியில் சேர்ந்த காலத்தில் எடுத்த பரிசோதனை எதுவும் இல்லாததால், வேலையால் வந்தது என்று நிரூபிக்க முடியாமல் அலைந்தார்.

மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். நமக்கோ ஒரு பேட்ச் முடிந்தால் அடுத்த பேட்ச், அதே மெஷின், அதே இரைச்சல். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. 91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். மீட்டர் இல்லையா? கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறதென்றால், காதுக்குப் பாதுகாப்பு தேவைப்படும் இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் பிரிவு ஆசிரியர்:
புகையும் அப்படித்தான். மாணவர் தன் பூத்தில் மட்டும் நிற்கிறார், எல்லா பூத்துக்கும் போய் வருவது ஆசிரியர். 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையைப் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலான முதல் பிரிவில் சேர்த்தது. இது எத்தனை பயிற்சிக்கூடங்களை எட்டியதோ தெரியவில்லை.

நான் போயிருந்த ஒரு பயிற்சிக்கூடத்தில், பயிற்சி தருபவர் ஹெல்மெட் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு டேக் (துண்டுகள் நகராமல் பிடிக்கப் போடும் சிறு வெல்டு) போட்டுக் காட்டினார். "கண்ணை மூடினா போதும்" என்று பக்கத்தில் இருந்த பையன் இன்னொருவனுக்கு விளக்கவே தொடங்கிவிட்டான். மனசு கேட்கவில்லை. ஆர்க்கின் (வெல்டிங் தீப்பொறியின்) ஒளி அடித்தால் கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, மணலை வாரிக் கொட்டியதுபோல் உறுத்தும். அதனாலேயே பகலில் போட்ட டேக்கோடு அதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை. சுவரில் பாதுகாப்பு விதி எத்தனை ஒட்டினாலும், பையன்கள் பார்ப்பது வாத்தியார் கையைத்தான்.

மரவேலை ஆசிரியை:
எங்களுக்குத் தூசிதான் எதிரி. வகுப்பு முடிந்ததும் கம்ப்ரெசர் காற்றால் மேசையை ஊதிச் சுத்தம் செய்வது பழக்கமாக இருந்தது. நுண்ணிய தூசி அப்போதுதான் அதிகம் பறக்கும். மாணவர்கள் போயிருப்பார்கள், சுவாசிப்பது நாங்கள். பிரிவின் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் 'மாணவர்' என்ற கட்டம் மட்டுமே இருந்தது. 'ஆசிரியர்' என்று இன்னொரு கட்டம் சேர்த்து, தினம் எத்தனை மணி நேரம் தூசியில் நிற்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் முதலில் ஏன் என்று கேட்டது. பிறகு மரத்தூசிக்கான வேக்குவம் வந்தது, காற்றால் ஊதுவதை நிறுத்திவிட்டோம். உங்கள் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.