மண்ணில் காபன் அளப்பது பற்றி ஓர் உதவி

வணக்கம். தெஹிவளையில் அம்மம்மா வீட்டுப் பின்வளவில் இரண்டு இடத்தில் மண் எடுத்தேன். ஒன்று பலா மரத்தடி, பல வருடமாக மண்வெட்டி படாதது. மற்றது பத்தடி தள்ளி, மாதாமாதம் கொத்திக் கீரை போடும் பாத்தி. இரண்டும் ஒரே கபுக் (செம்புறைக்கல்) மண்தான். ஆனால் பலாவடி மண்ணை விரலால் நசுக்கினால் கறுப்பாய்க் கட்டி கட்டியாக உடைகிறது. பாத்தி மண் வெறும் செம்பொடி.

கொத்தும்போது கட்டிகள் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த காபன் நுண்ணுயிர்களுக்கு இரையாகிவிடும் என்பது தெரியும். சிக்கல் அளப்பதில். இருகுரோமேற்று முறையில் (காபனை இரசாயனத்தால் ஒட்சியேற்றி அளப்பது) இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தது! பலாவடியில் அந்தக்கால அடுப்புக்கரி கிடக்கிறது, அதை இந்த முறை முழுதாகப் பிடிக்காது. சரி, மண்ணை எரித்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம் என்றால், மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஐதரொட்சைட்டும் நீரை இழந்து எடை குறையும். காபன் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

கொழும்பில் உலர் எரிப்புக் கருவி (மண்ணை எரித்து, வெளிவரும் காபனீரொட்சைட்டை அளப்பது) வைத்து, வெளியாள் மாதிரியையும் ஏற்கும் ஆய்வுகூடம் தெரியுமா? ஒரு மாதிரிக்கு எவ்வளவு எடுப்பார்கள்? கரியைக் கையால் பொறுக்கிவிட்டு அனுப்பலாமா, அப்படியே அனுப்பவா? செய்து பார்த்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.