மனைவிக்கு முதல் வைன் போத்தல்: எதை வாங்குவது?

கேள்வி: ரொறன்ரோவுக்கு நாங்கள் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் எங்கள் திருமண நாள் வருகிறது. அலுவலக விருந்து ஒன்றில் என் மனைவி முதன்முறையாக வைன் அருந்தினார். சிவப்பு வைன் துவர்க்கிறது என்று ஒரு மிடறோடு வைத்துவிட்டவர், பின்னர் பரிமாறிய இனிப்பான வெள்ளை வைனை விரும்பி அருந்தினார். அவருக்கு நல்ல போத்தல் ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் மனைவி துவர்ப்பு என்று சொன்னதை நீங்கள் கவனித்து வைத்திருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குங்கள். சிவப்பு வைனைத் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பதால், நாவற்பழம் தின்ற பிறகு நாக்கு இழுப்பது போன்ற துவர்ப்பு அதில் இறங்கிவிடுகிறது. பழகியவர்களுக்கு அதுவே சுவை, புதிதாக அருந்துபவருக்கோ அது பெரும்பாலும் தடை. நாங்கள் இங்கு வந்த முதல் ஆண்டில் என் கணவர் விலையை மட்டும் பார்த்து ஒரு சிவப்பு வைனை வாங்கி வந்தார். இருவராலும் அரைக் குவளைக்கு மேல் அருந்த முடியவில்லை, அவர் முகம் வாடியதுதான் இன்றும் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஒன்ராறியோவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஐஸ்வைன், அதாவது கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் இனிப்பான வைன். நயாகராத் தோட்டங்களில் திராட்சையைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைத்து, குளிர் மறை 8 (-8) பாகை செல்சியசுக்கோ அதற்கும் கீழோ இறங்கும் வரை காத்திருந்து, பெரும்பாலும் இரவில் அறுவடை செய்கிறார்கள். உறைந்த நிலையிலேயே பிழியும்போது தண்ணீர் பனிக்கட்டியாகப் பழத்திலேயே தங்கிவிட, தேன் போன்ற அடர்ந்த சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. சாறு மிகக் குறைவாகக் கிடைப்பதால்தான் விலை கூடுகிறது. நீங்கள் இருவரும் முதன்முதலாகத் தாங்கிக் கடந்த அந்தக் கடுங்குளிர் இல்லாமல் இந்த வைன் உருவாகாது என்பதால், உங்கள் முதல் ஆண்டின் நினைவாக இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை.

மாகாண அரசின் மதுக்கடையான எல்.சி.பி.ஓ.வுக்குச் சென்று, போத்தலில் வி.கியூ.ஏ. என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க ஒன்ராறியோத் திராட்சையில் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே உறுதி. விடால் என்ற திராட்சையில் செய்தது பழச்சுவை நிறைந்து இருக்கும். ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்ததில் புளிப்பும் சேர்ந்து வருவதால் இனிப்பு திகட்டாது. எலுமிச்சைச் சாறு, புளிச்சாதம் போன்றவற்றை விரும்புபவர் என்றால் ரீஸ்லிங்கையே எடுங்கள். வழக்கமான போத்தல் 375 மில்லிலீற்றர், சிறியது 200. இருவருக்குச் சிறியதே தாராளமாகப் போதும், ஏனெனில் ஒருவர் ஒரு வேளைக்கு வழக்கமாக ஏறத்தாழ 50 மில்லிலீற்றரே அருந்துவார். இந்த மாகாணத்தில் மது வாங்க 19 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மனைவி கருவுற்றிருந்தால் இந்தப் பரிசை வேறொரு ஆண்டுக்குத் தள்ளி வைத்துவிடுங்கள்.

கேள்வி: மிக்க நன்றி அக்கா. அவர் சைவ உணவு மட்டும் உண்பவர். அதனால் ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். வைனைத் தெளிய வைக்கச் சில தயாரிப்பாளர்கள் முட்டையின் வெள்ளைக்கருவையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையையோ பயன்படுத்துவார்கள். அது பின்னர் நீக்கப்பட்டாலும், உங்கள் மனைவிக்கு அது மனக்குறையாக இருக்கலாம். வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் பயன்படுத்தாதது, என்று குறிக்கப்பட்ட போத்தலைக் கேளுங்கள், அல்லது தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

பரிமாறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கேசரி, பாயாசம் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டாம். உணவு வைனைவிட இனிப்பாக இருந்தால் வைன் வெறும் புளிப்பாகத் தோன்றும். உப்பிட்ட கஜுவும் சிறிது சீஸும் போதும். மீதியை மூடி குளிரில் வைத்தால் சில நாட்களுக்குச் சுவை மாறாது.