எல்கோ தீவில் வருகை ஆசிரியர் வேலை: போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி (தொடக்கநிலை ஆசிரியை)

வணக்கம். ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாந்தில், எல்கோ தீவின் கலிவின்கு ஊரில் வேலையில் சேர வேண்டும். ஊர்ப் பள்ளியில் தங்கி, வாரத்தில் மூன்று நாள் சுற்றியுள்ள ஹோம்லேண்ட் குடியிருப்புகளுக்கு (குடும்பங்கள் தங்கள் பூர்வீக நிலத்தில் வாழும் சிற்றூர்கள்) போய்ப் பாடம் நடத்துவதுதான் வேலை. ஒரே அறையில் 5 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளைகள் இருப்பார்களாம். ஆசிரியர் பதிவு, ஓக்கர் கார்டு (பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) எல்லாம் முடிந்துவிட்டது. அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ஙு மக்களின் உறவுமுறை, மொழி, வகுப்பு நடத்தும் விதம், சாப்பாடு பற்றித் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை நிறையப் படித்துவிட்டேன்.

பதில் 1 (மொழி ஆர்வலர்)

முதலில் உறவுமுறை. அவர்கள் சொல்லில் குர்ருட்டு. இது பிடிபடாமல் வகுப்பில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுகூடத் தெரியாது.

தமிழ் பேசுபவருக்கு இதில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். அப்பாவும் அப்பாவின் சகோதரர்களும் ஒரே சொல், பாபா. அம்மாவும் அம்மாவின் சகோதரிகளும் ஒரே சொல், ஙாண்டி. தாய்மாமனுக்குத் தனிச் சொல், ஙபிபி. சித்தப்பா பிள்ளையும் பெரியம்மா பிள்ளையும் உடன்பிறப்பு: அண்ணன் வாவா, அக்கா யபா. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆசிரியர் மாதக்கணக்கில் குழம்பும் இடம் இது. ஒரு பிள்ளை ‘எனக்கு நாலு அம்மா’ என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

வழுக்கும் இடமும் இதிலேயே உண்டு. நம் ‘அத்தை’ அப்பாவின் தங்கையையும் குறிக்கும், மாமியாரையும் குறிக்கும். அங்கே அப்பாவின் சகோதரி முகுல் பாபா, நெருங்கிப் பழகும் உறவு. ஆணுக்கு மாமியார் முறை முகுல் ருமரு, முகம் பார்த்துப் பேசவே கூடாத விலக்கு உறவு. இரண்டையும் ‘அத்தை’ என்று மனத்தில் முடிச்சுப்போட்டால் தவறிவிடுவீர்கள். அதேபோல் மாமன் மகளும் அத்தை மகளும் நமக்கு ஒரே முறை. அங்கே மாமன் பிள்ளை கலய், அத்தை பிள்ளை துவய். ஆண் கட்டும் முறை கலய் பக்கம்தான்.

எல்லா மனிதரும், நிலமும், மரமும், மீனும் துவா, யிர்ரிச்சா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பாதி. அம்மா எப்போதும் மறு பாதி. இதற்குமேல் மால்க் என்ற எட்டு உறவுப்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் இணைப் பெயர்கள்: ஆணுக்கு எட்டு, பெண்ணுக்கு எட்டு. பிள்ளையின் மால்க் அம்மாவுடையதிலிருந்து வரும்.

மொழி: ஊரின் பொதுமொழி ஜம்பர்புய்ஙு. ம, ந, ன, ண, ஞ, ங ஆறுமே தனித்தனி ஒலிகள். நாம் பேச்சில் ந, ன வேறுபாட்டை விட்டுவிட்டோம், அங்கே விடமுடியாது. நாக்கு பல்லில் தொட்டால் ந, ஈறில் தொட்டால் ன. தமிழில் சொல்முதலில் அருகிப்போன ங அங்கே சர்வ சாதாரணம். எழுத்தில் ஒற்றை ஆர் ஏறக்குறைய நம் ழ, இரட்டை ஆர் நாக்கு அதிரும் ர (இங்கே எல்லாவற்றையும் ர என்றே எழுதியிருக்கிறேன்). நாம், நாங்கள் வேறுபாடும் உண்டு: லிமுர் என்றால் கேட்பவரையும் சேர்த்து, ஙனபுர் என்றால் கேட்பவர் நீங்கலாக. வகுப்பில் ‘லிமுர்’ என்று சரியாகச் சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

முதல் வாரத்துக்கு: நாமிர்ரி நே (எப்படி இருக்கிறாய்), மஞ்மக் (நல்லது), யோ (ஆம்), யாகா (இல்லை). உங்களை பலண்டா (பூர்வகுடி அல்லாதவர்) என்பார்கள். கடல் அட்டை எடுக்க 1907 வரை வந்துபோன இந்தோனேசியாவின் மக்காசார் மாலுமிகள் வழியாக ‘ஹாலந்தர்’ (டச்சுக்காரர்) என்ற சொல் அப்படி ஆனது. திட்டும் சொல் அல்ல.

போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்தில் உங்கள் மால்க் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேலை சுலபமாகும்.

பதில் 2 (பல்வயது வகுப்பு ஆசிரியர்)

மேலே கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். மால்க் கேட்டு வாங்கும் அடையாள அட்டை இல்லை. ஒரு குடும்பம் உங்களைத் தன் உறவில் சேர்த்துக்கொள்ளும்போது தானாக வரும், கூடவே கடமையும் வரும். பெரும்பாலும் உங்களுடன் பாடம் நடத்தும் யோல்ஙு உதவி ஆசிரியரே உங்களை யபா என்று அழைக்கத் தொடங்குவார். அந்த நாளிலிருந்து அவர் அம்மா உங்களுக்கும் அம்மா, அவர் மருமகனிடம் நீங்களும் விலகி நிற்க வேண்டும். அதுவரை காத்திருங்கள்.

இனி வகுப்பு.

1. உதவி ஆசிரியர்தான் நிரந்தரம், நாம் வந்துபோகிறவர்கள். பாடத்தை முந்தைய நாளே அவருடன் உட்கார்ந்து பேசுங்கள். காலையில் விமானத்தில் இறங்கித் தாளைக் கையில் கொடுத்தால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். புதுக் கருத்தை அவர் ஜம்பர்புய்ஙுவில் சொல்லி, பிள்ளைகள் பேசி முடித்தபிறகுதான் அதே கருத்துக்கு ஆங்கிலம். 2008இல் வடக்குப் பிரதேச அரசு பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலமே என்று அறிவித்தபோது இருமொழிப் பள்ளிகள் கடுமையாக எதிர்த்ததன் காரணம் இதுதான். புரியாத மொழியில் எழுத்துக் கற்ற பிள்ளை வார்த்தையைச் சத்தமாக வாசிக்கும், பொருள் ஏறாது.

2. அடுத்தடுத்த ஐந்து நாள் சங்கிலிப் பாடம் வேண்டாம். ஈமச் சடங்குக்காகக் குடும்பங்கள் வாரக்கணக்கில் வேறு குடியிருப்புக்குப் போகும். திங்கள் இருந்த பிள்ளைகள் புதன் இருக்கமாட்டார்கள், புதியவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு பாடமும் அன்றே முடிய வேண்டும். ஒரே தலைப்பு, மூன்று நிலை வேலை: சிறியவர்களுக்குப் படமும் சொல்லும், நடுவில் உள்ளவர்களுக்கு வாக்கியம், பெரியவர்களுக்குப் பத்தி.

3. காது. நடுக்காது அழற்சி இங்கே கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும், பல பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்று முடிவுகட்டுமுன் காது கேட்கிறதா என்று பாருங்கள். முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். ஜன்னல் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருட்டாகி உதட்டசைவு தெரியாது. ஏசி இரைந்தால் விளக்கும் நேரத்தில் நிறுத்துங்கள். ஒலிபெருக்கி இருந்தால் தினமும் சார்ஜ் ஏற்றுங்கள். யோல்ஙு மொழியில் ஸ, ஃப, ஹ ஒலிகள் இல்லை. காதும் மந்தமாக இருந்தால் ஆங்கிலப் பன்மையின் ஸ் பிள்ளைக்கு இல்லவே இல்லை. அதைப் பிழை என்று சுழிக்காமல், கேட்க வைத்து, பார்க்க வைத்து, பிறகு எழுத வையுங்கள்.

4. பையனை அவன் அக்கா தங்கையின் பெயரைச் சொல்ல வைக்கக் கூடாது. வளர்ந்த அண்ணன் தங்கையை ஜோடியாக உட்கார வைக்கக் கூடாது. ஒரு பிள்ளை திடீரென இடம் மாறி உட்கார்ந்தால் காரணம் கேட்டு நிறுத்தாதீர்கள், விலக்கு உறவு பக்கத்தில் வந்திருக்கும்.

5. யாராவது இறந்தால் அவர் பெயரும் படமும் மறைய வேண்டும். அதே பெயருள்ள பிள்ளையை வேறு பெயரில் அழைப்பார்கள். சுவரில் ஒட்டும் படங்களைப் பசையால் நிரந்தரமாக ஒட்டாமல், எடுக்கும்படி மாட்டுங்கள். எந்தப் படத்தை எடுப்பது, எப்போது திரும்ப வைப்பது என்பதை உதவி ஆசிரியர் சொல்வார்.

கேள்விக்கு உடனே வரும் ‘யோ’வை நம்ப வேண்டாம். மரியாதைக்குச் சொல்லும் ஆம் அது. ‘புரிந்ததா’ என்று கேட்காமல் ‘செய்து காட்டு’ என்று கேளுங்கள். அமைதியாக இருந்தால் பத்து வரை மனத்தில் எண்ணுங்கள், பதில் வரும்.

தொடக்கநிலை ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. அத்தை விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. பயணம், சாப்பாடு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

பதில் 3 (வடக்குப் பிரதேசவாசி)

நீங்கள் சேர்வது மழைக்கால நடுவில். புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2015இல் பிப்ரவரியில் லாம், மார்ச்சில் நேத்தன் என்று ஒரே பருவத்தில் இரண்டு புயல்கள் இந்தத் தீவைத் தாக்கின. பள்ளியின் புயல் திட்டத்தை முதல் நாளே கேட்டுப் படியுங்கள்.

சாமான் பிரதேசத் தலைநகர் டார்வினிலிருந்து சரக்குப் படகில் வரும். படகு வந்த நாளில் காய்கறி வாங்குங்கள், நான்கைந்து நாளில் வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ் மட்டுமே மிஞ்சும். அரிசி கடையில் கிடைக்கும். பருப்பு, புளி, கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் டார்வினிலேயே வாங்கிப் படகில் அனுப்புங்கள். வந்ததும் பருப்பையும் மாவையும் மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ரப்பர் வளையமுள்ள டப்பாவில் மூடினால் வண்டு வராது. பாடப் பொருளுக்கும் இதே பெட்டிதான்: லேமினேட் செய்யாத தாள் ஈரக்காற்றில் சில வாரத்தில் சுருண்டு பூஞ்சை பிடிக்கும்.

ஹோம்லேண்டுக்குச் சிறு விமானம் என்றால் உங்களையும் பையையும் சேர்த்து எடை போடுவார்கள். கனமான புத்தகக் கட்டை முந்தைய முறையே அங்கே விட்டுவருவது நல்லது. வண்டி என்றால் மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, கெட்டித் தரைக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆளுக்கு 10 லிட்டர் தண்ணீர், சாட்டிலைட் போன், இரண்டு உபரி டயர். கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் பள்ளியில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

ஊரில் மதுவுக்குத் தடை, பெட்டியில் ஒரு புட்டிகூடக் கூடாது. நிலம் யோல்ஙு மக்களுடையது, 1976 நில உரிமைச் சட்டப்படி உள்ளே வர அனுமதி வேண்டும். உங்கள் அனுமதி வேலைக்கானது, பார்க்க வரும் உறவினருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடற்கரையில் தூண்டில் போடவும் கேட்டுத்தான் போட வேண்டும்: கடல் நீர் ஏறி இறங்கும் கரைப்பகுதியும் அவர்களுக்கே என்று 2008இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடலில் இறங்காதீர்கள். உப்புநீர் முதலை ஆண்டு முழுதும் உண்டு, அக்டோபர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. கொட்டினால் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றி, கிளினிக்குக்குச் சொல்லுங்கள். சேற்றில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மழைக்கால மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி இருக்கிறது, காலில் சிறு கீறல் போதும் அதற்கு. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம்.

படகில் சாமான் அனுப்புவதாக இருந்தால் பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே டார்வினில் ஒப்படைத்துவிடுங்கள். ஜனவரியில் கடல் மோசமானால் படகு தள்ளிப்போகும்.